மன்னாரில் ஒரு பழைய பென்ஸ்

ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தால் முதலில் என் இரத்த அழுத்தத்தை விசாரிப்பான், பிறகு யாழ்ப்பாணத்து வெயிலை. 2025 ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் இரவு இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, பேசாலையில ஒரு பென்ஸ் கூபே விற்பனைக்கு இருக்கு. நீங்கள் போய்ப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நான் காசை அனுப்பிறன்."

காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பின் இருக்கையில் அமர்ந்து தெரிந்துகொண்டவை. நாற்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்து வாகனங்களில் போய்வந்தவனுக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு மேல் அதிகம் தெரியத் தேவையிருக்கவில்லை. இதை அவனிடம் சொன்னேன். "உங்களுக்குக் கார் தெரியாது மாமா. ஆனா ஆர் சொன்னாலும் நம்பமாட்டியள். அதுதான் வேணும்" என்றான். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசிக்குமுன் தொடர்பு அறுந்துவிட்டது.

விஷயம் விளங்காத வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த கதவின் பின்னால் வரிகள் மலைபோல் நின்றன. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களுக்குப் பொன்னின் மவுசு வந்தது. வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குப் பழைய காரை விற்கும் விசித்திரத்தை நாம் கண்டோம். முப்பத்தைந்து வயதான பழைய பென்ஸ் ஒன்றுக்கு 48 இலட்சம் ரூபாய் கேட்கிறார்கள் என்றால் யாரும் சிரிக்காத காலம் அது.

மருமகன் குறிப்பிட்ட கார் மெசேடிஸ் பென்ஸ் 230 சிஇ. 124 வரிசையின் இரண்டு கதவு வடிவம். 1987இல் ஜெனீவாக் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டது. நான்கு கதவுக் காரை விட அச்சுகளுக்கிடையே எட்டரைச் சென்ரிமீற்றர் குறைவு. முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே தூண் கிடையாது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டில் முழுவதும் திறந்த மண்டபம். இதெல்லாம் போவதற்கு முன் இரண்டு இரவு படித்துத் தெரிந்துகொண்டவை. பேட்டிக்குப் போவதற்கு முன் படித்துவிட்டுப் போகும் பழக்கம் இந்த வயதிலும் விடவில்லை.

மடுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுவாரம் புறப்பட்டேன். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஏ-32 வீதி நேராகக் கொண்டுபோய் விடும். மன்னார் நகரில் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் போராடிக்கொண்டிருந்த நாட்கள். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

வழியில் ஒரு மெக்கானிக் என்னோடு வானில் ஏறிக்கொண்டார். உள்ளூர் நிருபர் நண்பர் ஏற்பாடு செய்து தந்த ஆள். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். தொழிலை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். "புத்தளத்தில ஐயா. தொண்ணூறில போன நாங்கதானே" என்றார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவருக்குப் பத்து வயது. அகதி முகாமுக்கு அருகிலிருந்த கராஜில் நட்டுக் கழுவப் போனவர் அப்படியே தொழில்காரரானார். அந்த வெளியேற்றத்தைப் பற்றி நான் வேலை செய்த பத்திரிகையில் அன்று வந்தது ஒற்றைப் பத்திச் செய்தி. அதைச் சுருக்கியவர்களில் நானும் ஒருவன். தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. தள்ளாடியிலிருந்து தீவுக்குப் போகும் மூன்று கிலோமீற்றர் தாம்போதியில் இருவரும் பேசாமலே போனோம். சோளகக் காற்று வானைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது.

வீடு பேசாலைக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். முற்றத்துப் பனையோலைக் கொட்டகையில் நீலத் தறப்பாளால் போர்த்தியபடி கார் நின்றது. வாசலுக்கு வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கணவர் 2021இல் காலமானவர். அவருடைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கார் அந்தக் கதையின் ஒரு பகுதி. எண்பதுகளின் இறுதியில் ஜேர்மனிக்கு அகதியாகப் போய், ஸ்ருட்கார்ட் நகரில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவியவர். உணவகத்தின் எதிரே நாள்தோறும் இந்த ரகக் கார் ஒன்று வந்து நிற்குமாம். யுத்த நிறுத்தம் வந்தபின் 2003இல் ஊருக்குத் திரும்பினார். ஜேர்மனியிலிருந்து பழைய காரைக் கொண்டுவர இங்கே சட்டம் இடம் கொடாது. எனவே கொழும்பில் தேடி, நடுவில் கோடு போட்ட பழைய இலக்கத் தகடுடன் ஒன்றை ஒரு தரகர் மூலம் வாங்கி வந்தார்.

தறப்பாளை உறவுக்காரப் பையன் ஒருவன் விலக்கினான். நான் பொனற்றில் கையை வைத்தேன். சுட்டது. நிழலில் நின்ற காரின் மூக்கு காலை எட்டரை மணிக்குச் சுடக்கூடாது.

"ஐயா வாறீங்க எண்டு அரை மணித்தியாலம் ஓட விட்டு வச்சேன்" என்றான் பையன், உபசாரமாக.

மெக்கானிக் தம்பி என்னைப் பார்த்தார். பழைய எஞ்சினின் உண்மை முதல் அரை நிமிடத்தில் இருக்கிறது. இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினை முதன்முதலாக இயக்கும்போதுதான் நேரச் சங்கிலி தளர்ந்திருந்தால் கிலுகிலுக்கும். வால்வுகளின் ஒயில் தடுப்பு ரப்பர்கள் இறுகிப்போயிருந்தால் நீலப் புகை ஒரு மூச்சு வரும். சூடாக்கி வைத்துவிட்டால் இரண்டும் மறைந்துபோகும். பையன் தந்திரம் செய்தானா, நல்லெண்ணத்தில் செய்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஆறட்டும். பின்னேரம் வாறம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

நேரத்தைப் போக்க அரிப்புக்குப் போனோம். முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக ஆளுநர் பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகை அங்கே கடலரிப்பில் இடிந்துகொண்டிருக்கிறது. 1801இல் தொடங்கி 1804இல் முடித்த கட்டடம். அதன் நிழலில் நின்றபோது, நாங்கள் செய்ய வந்த வேலை இந்தக் கரைக்குப் புதிதல்ல என்று தோன்றியது. முத்துக் குளிப்புக்கு முன் அரசாங்கம் பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பிக்கும். முத்தைப் பிரித்துத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துத் தரம் பார்ப்பார்கள். இருபதாம் இலக்கத் தட்டில் நிற்பது பெரிய முத்து. ஆயிரமாம் இலக்கத் தட்டுக்கு வருவது பொடி. அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் வியாபாரிகள் வருவார்கள். ஏலத்தில் சிப்பியை ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டும். திறந்து பார்க்க முடியாது.

1905இல் மரிச்சுக்கட்டி முகாமில் எட்டுக் கோடிச் சிப்பிகள் வரை கரையேறின. அந்த வருடத்துக் கணக்கைப் பார்த்து மயங்கிய லண்டன் முதலீட்டாளர்கள் 1906இல் ஒரு கம்பனி அமைத்து, பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகிவிட்டன. கம்பனி சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டது. அதாவது, எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்த்து வாங்கிவிட்டார்கள்.

பின்னேரம் மூன்றரைக்குத் திரும்பினோம். பொனற் ஆறியிருந்தது. தம்பி சாவியைத் திருப்பினார். ஒரு கணம் கிலுகிலுப்பு, பிறகு அடங்கியது. புகைக்குழாயின் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையோடு நான் குந்தியிருந்தேன். நீலம் இல்லை. "சங்கிலி போகும், ஆனா இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும்" என்றார் தம்பி. ஒயில் மூடியைக் கழற்றிக் காட்டினார்; அடியில் பால் நிறத்து நுரை இல்லை, எனவே தண்ணீர் ஒயிலோடு கலக்கவில்லை. கியர் பெட்டியின் ஒயிலை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். கருகல் மணம் இல்லை. பொனற்றுக்கு அடியில் முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் வெட்டப்பட்ட சட்டக இலக்கத்தை நான் படித்தேன். அதில் 124043 என்ற ஆறு எண்கள் இருக்க வேண்டும், இருந்தன. வேறொரு காரின் மூக்கை ஒட்டிய கார் அல்ல என்று நிம்மதி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வந்த இதே ரகக் கார்களில் மின்கம்பிகளின் உறை உதிர்ந்துபோகும் வியாதி உண்டு. இது 1989இல் செய்யப்பட்ட கார் என்பதால் அதிலிருந்து தப்பியது. ஆனால் இதன் பெற்றோல் ஊட்டும் ஏற்பாடு தனி நுட்பமானது. பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர்களும் ஏ-40களும் சில துளி பெற்றோலில் கண்விழித்து, பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியதை அந்தத் தலைமுறை மறக்காது. அந்தக் கருணையை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. அழுக்கு எரிபொருள் ஒரு தடவை போனாலும் பாகம் பழுதாகும். பாகம் கொழும்பில்கூட இலேசில் கிடையாது.

ஓட்டிப் பார்த்தோம். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் நடப்பில் இருந்தன. தலைமன்னார் வரை போய், பழைய இறங்குதுறைக்கு அருகே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் தேநீர் குடித்தோம். இந்த ரகம் சூட்டோடு நிறுத்தினால் மறுபடி இயங்க அடம்பிடிக்கும் என்று படித்திருந்தேன். மூன்றாம் முயற்சியில்தான் பிடித்தது. குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னேன். மூன்று இறங்கின, நான்காவது பாதியில் நின்றது. சாவியைத் திருப்பினால் தோளருகே ஒரு சிறு கை நீண்டு வந்து இருக்கைப் பட்டியை நம்மிடம் நீட்டும். அந்தக் கை வேலை செய்தது. ஓர் ஏவலாள் பணிவுடன் துண்டு நீட்டுவதைப் போல. எழுபது வயதுக்காரனுக்கு இப்படி ஒரு மரியாதையை இந்த நாட்டில் வேறெந்த இயந்திரமும் செய்ததில்லை. அந்தக் கணத்தில் நானும் கொஞ்சம் மயங்கினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீற்றர் 1,38,000 கிலோமீற்றர் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பரோ வழுக்கைத் தலைபோல் தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கின் தோலும் கைபிடிக்கும் இடங்களில் பளபளத்தது. இரண்டும் பொருந்தவில்லை. இதையும் குறித்துக்கொண்டேன்.

துணி சுற்றிய காந்தத்தை உடம்பெங்கும் ஒட்டிப் பார்த்தோம். இடப்பக்க முன் மட்காட்டின் அடியில் மட்டும் பிடிக்காமல் வழுகியது. தகரம் இல்லை, பட்டிதான். "அது கழுதை ஐயா" என்றார் வீட்டுக்கார அம்மா. மன்னார் வீதிகளில் இரவில் கழுதைகள் படுத்துக்கிடப்பதை அறிந்தவர்கள் இந்த விளக்கத்தை மறுபேச்சின்றி ஏற்பார்கள்.

இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். "தங்கச்சி, நீங்களும் வந்து பாருங்கோ" என்று அவரை அழைத்தேன். எதையும் மறைத்துச் செய்யவில்லை என்று காட்டுவதற்காக.

இந்தக் காரின் பக்கவாட்டில் கதவடியிலிருந்து கீழ்வரை அகலமான பிளாஸ்ரிக் பலகை ஓடுகிறது. வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோவின் யோசனை, பார்க்க அழகு. ஜக் வைக்கும் துளைகளும் அதன் பின்னால்தான், சிறு மூடிகளோடு. மன்னார் மழை குறைந்த தீவு, ஆகவே துரு பிடிக்காது என்று பையன் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். உண்மை நேர்மாறானது. தீவின் தென்கரையில் நிற்கும் முப்பது காற்றாலைகளை அங்கே நட்டதே காற்றின் பலத்தினால்தான். அந்தக் காற்று கடலைத் தூளாக்கிக் கொண்டுவருகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதால் வெயில் நாளிலும் இரும்பு நனைந்தபடிதான் இருக்கும். மழை பெய்தாலாவது கழுவிவிடும். கூரையும் பொனற்றும் எப்போதாவது கழுவப்படும், அடிப்பாகம் ஒருபோதும் கழுவப்படாது. மேலே தறப்பாளும் போட்டுவிட்டால் ஈரம் வெளியேறவும் வழியில்லை.

தம்பி மூடியைக் கழற்றினார். மணல் கொட்டியது. திருப்புளியை உள்ளே விட்டு மெதுவாகத் தட்டினார். பப்படம் உடையும் சத்தம் கேட்டது. திருப்புளி பிடிவரை உள்ளே போனது.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினேன். அடுத்த மூன்று துளைகளில் இரண்டு அதே நிலை. பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயும் செதில் செதிலாக உரிந்திருந்தது. தம்பி கணக்குப் போட்டார். வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டி, குழாய் மாற்றி, நிறம் பூச ஏழு இலட்சம்.

தேநீர் வந்தது. பத்திரங்களைக் கேட்டேன். பதிவுச் சான்றிதழில் வேறொருவரின் பெயர் இருந்தது. கொழும்புச் சிங்களவர் ஒருவர், முதல் உரிமையாளர். அதனோடு அவர் 2003இல் கையொப்பமிட்டு, வாங்குபவர் பெயர் எழுதாமல் விட்ட உடைமை மாற்றப் படிவம். இலங்கையில் இதற்கு ஓப்பின் பேப்பர் என்று பெயர். சட்டப்படி வாங்கி 14 நாட்களுக்குள் பெயர் மாற்றியிருக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் மாற்றவில்லை.

"மாத்தியிருப்பார். பிறகு சண்டை தொடங்கிட்டுது. மதவாச்சிச் சோதனையில பேசாலை விலாசத்தில, தமிழ்ப் பேரில பென்ஸ் கார் எண்டா நூறு கேள்வி வரும். சிங்களப் பேரில கிடக்கட்டும் எண்டு விட்டுட்டார். சண்டை முடிஞ்ச பிறகு அந்த மனுசனைத் தேடிப் போகேல்ல" என்றார்.

பிறகு தம் நிலைமையைச் சொன்னார். கணவரின் இருதய சத்திரசிகிச்சைக்காக நகைகளை வங்கியில் வைத்திருக்கிறார். வட்டியோடு 16 இலட்சம், செப்டெம்பர் முடிவுக்குள் மீட்காவிட்டால் ஏலம். மகளின் கலியாண நகையும் அதற்குள் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி முந்தின வாரம் வந்து பார்த்து, 40 இலட்சம் காசாகத் தருவதாகச் சொல்லிப் போயிருந்தார். எங்களிடம் கூடக் கிடைக்குமோ என்று அவரைக் காக்க வைத்திருந்தார்.

"அவர் கீழ குனிஞ்சு பார்க்கேல்ல ஐயா" என்றார். சற்றுப் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: "இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சுது. நான் அவருக்குச் சொல்ல வேணுமோ?"

எத்தனையோ அமைச்சர்களிடம் சங்கடமான கேள்விகள் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சொல்ல வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லுங்கள் என்பது எனக்குச் சுலபம், நகை என்னுடையதல்ல. மேலும் நான் நடுநிலையானவனும் அல்லன். அவர் அந்த வியாபாரியிடம் உண்மையைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பேரம் வலுக்கும். அதை நினைத்தபோது வாயே திறக்கவில்லை. "அது உங்கட விருப்பம் தங்கச்சி" என்று கோழைத்தனமாக ஒரு பதில் சொன்னேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். சுவரில் கணவரின் படத்துக்குக் கீழே நின்று தொலைபேசியில் கதைப்பது கேட்டது. திரும்பி வந்து, "28க்கு மேல ஏலாதாம்" என்றார். தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினார். வியாபாரி துருவுக்காக ஐந்தும் பத்திரத்துக்காக ஏழும் குறைத்திருந்தார். எங்களுடைய ஆராய்ச்சியினால் அந்தப் பெண்மணி ஒரு பிற்பகலில் 12 இலட்சத்தை இழந்திருந்தார்.

அன்று இரவு மன்னார் விடுதியிலிருந்து மருமகனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சங்கிலி, சூட்டில் அடம், பாதியில் நிற்கும் கண்ணாடி, கழுதை, பப்படம், பத்திரம், தொலைபேசி அழைப்பு. நீண்ட நேரம் பேச்சில்லை. கனடாவில் அவன் இரண்டு வேலை செய்கிறவன். இது அவனுடைய பத்து வருடச் சேமிப்பில் ஒரு பகுதி. 28க்கு வாங்கலாம் என்று அவன் சொல்லியிருந்தால் என்னால் மறுத்திருக்க முடியாது. சந்தை விலை அதுதான் என்று அவனும் நானும் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"துருவுக்கு ஏழு. மற்றதுகளுக்கு ஒரு மூண்டு வையுங்கோ. அப்ப 38. பத்திரம் சரிவந்தா 38 குடுப்பம். வராட்டி எனக்கு வேண்டாம் மாமா, 18 எண்டாலும் வேண்டாம்" என்றான். என் தங்கை அவனை நன்றாக வளர்த்திருக்கிறாள்.

ஆகவே பத்திரத்துப் பெயருக்குரியவரைத் தேடிக் கொழும்புக்குப் போனேன். இது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை. சான்றிதழிலிருந்த விலாசத்தில் இப்போது எட்டு மாடிக் கட்டடம். தெருமுனை மருந்துக்கடையில் கேட்டேன், பிறகு அவர் வழக்கமாகப் போகும் விகாரையில். இரண்டு நாளில் வத்தளையில் மகள் வீட்டில் இருப்பது தெரிந்தது. எண்பத்து நான்கு வயது. தேயிலைக் கம்பனியொன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம், 2003இல் இட்ட கையொப்பத்தை அவரால் இப்போது இட முடியவில்லை. அதற்கும் வழி உண்டு என்று மகள் ஒரு சட்டத்தரணியை அழைத்தார். சத்தியக் கடதாசியோடு புதுப் படிவத்தில் மெல்ல மெல்லக் கையெழுத்து வைத்தார். விற்ற காருக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தான்தான் சொந்தக்காரர் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். கோபிக்கவில்லை. நான்கு கண்ணாடியும் இறங்குகிறதா என்று கேட்டார். மூன்று என்றேன். இடப்பக்கப் பின் கண்ணாடிதானே, அது என் காலத்திலும் அப்படித்தான் என்றார்.

புறப்படும்போது, விற்ற நாளில் மீற்றர் எவ்வளவு காட்டியது என்று சும்மா கேட்டேன். அவர் யோசிக்கவேயில்லை. "இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம்."

பேசாலைக்குப் போகும் வழியில் யாரோ திருகிக் குறைத்திருக்கிறார்கள். பிரேக் மிதி பொய் சொல்லவில்லை. இதை மருமகனிடம் சொன்னேன். அது அவனுடைய உரிமை. அவன் 38ஐ மாற்றவில்லை. அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. ஜேர்மனியில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசில் வாங்கிய காரில் கணவர் ஏமாற்றப்பட்டார் என்பதை இனிமேல் அறிந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது?

நகைகள் செப்டெம்பர் மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தன. கார் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் பக்கப் பலகைகள் கழற்றப்பட்டு, அடிவயிறு தெரிய நின்றது. தகடு வெட்டும் வேலை ஏழு இலட்சத்தைத் தாண்டிவிட்டது, எப்போதும் தாண்டும்.

இதை எழுதத் தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. மீற்றர் விஷயத்தை எழுதினால் எப்படியாவது பேசாலைக்குப் போய்ச் சேரும். எழுதாமல் விடுவதும் எனக்குப் பழகிய காரியம்தான். எருக்கலம்பிட்டித் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. கடைசியில் அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, சுற்றி வளைத்து, மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"அவருக்குத் தெரியும் ஐயா. வாங்கி ரெண்டாம் மாசமே மெக்கானிக் கண்டுபிடிச்சுட்டான். எனக்குச் சொல்லக் கூடாது எண்டு அவனுக்கு ஐந்நூறு ரூபா குடுத்தவர். அவன் அடுத்த நாளே வந்து எனக்குச் சொல்லிட்டுப் போனான். நான் அவருக்குக் கடைசி வரைக்கும் சொல்லேல்ல."